பேரில் கூடிய ஓர் எழுத்து

ஆண்டிமடம்,
20-3-88

கண்ணகியின் அப்பாவுக்கு, செங்கமலம் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு எப்படி நினைப்பது?

கார்த்திகையில் வந்ததுதான் உங்கள் கடைசிக் கடிதம். பாபிலோனில் பழைய அரண்மனைச் சுவரைத் திரும்ப எழுப்புகிறோம், பழைய செங்கல்லில் எல்லாம் அந்தக் காலத்து நெபுகத்நேசர் தன் பேரைப் பதித்து வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. ஈராக்கில் குண்டு விழுந்தது என்று ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள். எந்த ஊரில் என்று கேட்டுக் கேட்டே அலுத்துப்போய்விட்டேன்.

முந்திரி இந்த வருஷம் நன்றாகப் பூத்தது, பனி வந்து பாதியைக் கருக்கிவிட்டது. கொட்டை உடைக்கப் போகிறேன். அந்த எண்ணெய் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், அழுதுகொண்டே எழுதினாள் என்று நினைக்க வேண்டாம். அழுதது வேறு நாளில்.

கண்ணகிக்கு முழுப் பரீட்சை வருகிறது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் நீங்கள் வேலைக்குப் போன ஊரே பாடமாக வந்திருக்கிறது. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன், அவள் ஒப்பிப்பாள். மன்னர் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் நம் வாயில் வருகிற சொல் வேறு. அதில் உங்கள் பேரில் பாதி இருக்கிறதே, நான் எப்படிச் சொல்வேன்! அதனால், ‘பாபிலோன்ல சட்டம் போட்ட பெரியவரு யாரு?’ என்றுதான் கேட்பேன். ‘ஹமுராபி என்னம்மா, நம்ம ஊரு தலையாரியா?’ என்று சிரிக்கிறாள்.

உங்கள் நெபுகத்நேசர், பெண்டாட்டி பிறந்த ஊரை நினைத்து ஏங்குகிறாள் என்று அடுக்கடுக்காகத் தோட்டமே வைத்துக் கொடுத்தாராமே. அப்பேர்ப்பட்ட ஊருக்குப் போயும் உங்களுக்கு ஒரு கார்டு போட முடியவில்லை.

மாசியில் உங்கள் கூட வேலை பார்த்த சின்னதுரை ஊருக்கு வந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். ‘நான் கெளம்புறதுக்கு முன்னாடியே அண்ணன வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்கக்கா. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல’ என்றது. மறுநாளே திருச்சிக்குப் போய், உங்களை அனுப்பிவைத்த ஏஜெண்ட் ஆபீஸில் நின்றேன்.

அங்கே இருந்த தம்பி உங்கள் பேரைக் கேட்டது. கட்டிய நாளிலிருந்து நான் சொல்லாத பேர். பெண்டாட்டி சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். குண்டு விழுகிற நாட்டில் இருப்பவர் பேரை எப்படித் துணிந்து சொல்வது? ‘கவர்மெண்டைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவாங்க, அதாங்க’ என்றேன். ‘அரசாங்கமா?’ என்றது. கிட்டத்தட்ட அதேதான். தப்பித்தோம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

மெட்ராஸுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, ‘அந்தப் பேருல எங்க ஆளு யாருமே அங்க இல்லீங்க’ என்றது.

இல்லீங்க என்றதற்கு மேல் என் காதில் எதுவும் விழவில்லை. எப்படி பஸ் ஏறினேன், ஜெயங்கொண்டத்தில் எப்படி மாறினேன், தெரியாது. பிள்ளையிடம் சொல்லவில்லை. பரீட்சை நேரம். தலையில் பூ வைக்கவும் பயம், வைக்காமல் இருக்கவும் பயம். அப்படியே சில நாள் போனது. ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, என்ன நடந்தது என்று கண்ணகி கேட்டே விட்டாள். சொன்னேன். ‘அரசாங்கமா? அப்பா பேருல முன்னால அ எங்கம்மா இருக்கு? இங்கிலீஷ்ல எழுதுனா அது வேற ஆளும்மா’ என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விடிந்ததும் திரும்ப ஓடினேன். இந்தத் தடவை வாயைத் திறந்து சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றது அந்தத் தம்பி. ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். போன் போட்டது. ‘இருக்காருங்க, நல்லா இருக்காரு. கேம்ப்பு மாத்துனதால தபால் கோளாறு’ என்று புது விலாசத்தையும் எழுதிக் கொடுத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதோடு விட்டிருக்கலாம். ‘தையிலேயே அவரு காண்ட்ராக்ட்டு முடிஞ்சிட்டுது. இன்னும் ஒரு வருசம் இருக்கேன்னு அவரேதான் கையெழுத்துப் போட்டிருக்காரு’ என்றும் சொன்னது. அந்தச் சந்தோஷம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட என்னோடு வரவில்லை.

எதற்கு என்று தெரியும். கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட வேண்டும், பிள்ளையை மேலே படிக்க வைக்க வேண்டும். ஒழுகினால் பாத்திரம் வைத்துக்கொள்வோம். என்னால் இனிமேல் ரேடியோ கேட்க முடியாது.

நேற்று அலெக்சாண்டர் பாடம். நாடு பிடித்தது போதும், வீட்டுக்குப் போவோம் என்று படையாட்களே முரண்டு பிடித்தார்களாம். திரும்பினாராம். ஆனால் ஊர் போய்ச் சேராமல், காய்ச்சல் கண்டு பாபிலோனிலேயே இறந்துபோனார் என்று கண்ணகி ஒப்பித்தாள். புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தக் கேள்விக்கு மார்க் போனால் போகட்டும்.

எப்போதும் கவரில் உங்கள் பேரைக் கண்ணகிதான் எழுதுவாள். இன்று நானே எழுதப் போகிறேன், ‘அ’ இல்லாமல். சொன்னதற்கு ஆயுசு குறையும் என்றால் மாரியம்மன் அதை என் ஆயுசில் கழித்துக்கொள்ளட்டும். உங்களை நோய் நொடி இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ராசாங்கம், போதும். வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட
செங்கமலம்