உள்ளே ஊறாத களிமண்

செவ்வாய், இரவு.

கதிர்காமத்தில் கட்டப்போகும் பள்ளிக்கூடத்து மண் இன்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களிமண். காலையில் பொடித்து, அளந்து தண்ணீர் கலந்து, பையில் இறுக்கிக் கட்டி வைத்தேன். ஈரம் சீராகப் பரவ ஒரு முழு நாளாவது வேண்டும்.

மூன்று மணிக்கே காண்ட்ராக்டரின் இன்ஜினியர் வந்து நின்றார். “தண்ணி கலந்தாச்சில்ல? இப்பவே டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்க மேடம்.”

“பண்ணிடும்மா,” என்றார் எங்கள் மேனேஜர்.

பையைப் பிரித்து ஒரு கட்டியை எடுத்து அவர்கள் முன்னால் உடைத்தேன். மேலே பிசுபிசுவென்று ஈரம். நடுவில் வெளுத்துக் காய்ந்த மண். “இத வச்சு நம்பர் போட்டா அது பொய் சார். சுவரு வெடிச்சா உள்ள இருக்கப் போறது புள்ளைங்க.”

“அப்ப செல்விய வச்சிப் பண்ணிக்கிறேன்,” என்றார் மேனேஜர்.

“பண்ணிக்குங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பக்கத்து மேசையில் வேறு மண்ணைச் சோதித்துக்கொண்டிருந்த செல்வி தலையைத் தூக்காமலே சொன்னாள்: “எனக்கும் நாளைக்குத்தான் முடியும் சார்.”

இன்ஜினியர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். மேனேஜர் எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு அவர் பின்னாலேயே ஓடினார். என் வேலை போனால் போகட்டும். செல்வியை ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் இருக்கிறது.