இரு பெயரும் ஒருவரே

இன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் கால் வைத்ததும் ஈரச் செங்கல் வாடை மூக்கில் ஏறியது. நீ போய் நான்கு மாதம். மழையும் விடவில்லை, என் முட்டிவலியும் விடவில்லை. மணிக்கூண்டுப் பக்கத்துப் படியேறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

பர்மியத் தலைநகரம் இங்கிருந்து நேப்பிடோவுக்குப் போனதிலிருந்து இங்கே பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. வக்கீல் குமாஸ்தாக்களாக நாம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த வளைவுக்கடியில் இப்போது கோப்புக் கட்டுகள் லாரிக்காகக் காத்திருக்கின்றன. வெள்ளைக்காரன் போட்ட அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்து நீ சொல்வாய்: "காத்துக்காக இல்லடா. உள்ள வர்றவனுக்குத் தன் கொரலே சின்னதாக் கேக்கணும்னுதான் இம்புட்டு உசரம்." இதற்குச் செங்கல் சுமந்தவர்களில் உன் தாத்தாவும் ஒருவர். அதை வைத்துக்கொண்டு, கட்டடமே உன் சொத்து என்பதுபோல் கட்சிக்காரர்களிடம் அளப்பாய்.

நம் தமிழ் ஆட்களுக்கு வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பத்திரம் எழுத எல்லாரும் உன்னைத்தான் தேடி வந்தார்கள். உனக்கு மட்டும் நீ எழுதிக்கொள்ளவில்லை. நச்சரித்தால், "என்னைய யாருக்குடா தெரியாது?" என்பாய். இப்போது பார். தின்கன்ஜூன் பேட்டையில் இருக்கும் உன் வீட்டுப் பத்திரம் தமிழ்ப் பெயரில், இறப்புச் சான்று பர்மியப் பெயரில். பத்திரத்தில் இருப்பவர் இறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று உன் மனைவியை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீடு கைவிட்டுப் போய்விடும் என்று அவள் தூங்குவதே இல்லை; எனக்கு அவள் தங்கச்சிதானே. உன்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதனால்தான் சத்தியம் செய்ய வந்தேன். எழுத்தர் பெண்ணுக்கு என் பேத்தி வயதிருக்கும். "சயா, அவருதான் இவருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பர்மிய மொழியில் மரியாதையாகக் கேட்டாள்.

"முப்பது வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டோம்மா."

நிமிராமல் எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டேன்.

முத்திரை குத்திய தாளை, கூட வந்திருந்த தங்கச்சி பைக்குள் வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தாள். "இனி யாரும் வீட்ட விட்டுப் போவச் சொல்ல மாட்டாங்கல்ல, அண்ணே?" என்றாள். மாட்டார்கள் என்றேன். அவள் அழுதாள். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அவளை அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கையில்தான் உறைத்தது. நானும் எனக்குப் பத்திரம் எழுதிக்கொள்ளவில்லை. நீதான் இருக்கிறாயே என்று இருந்துவிட்டேன். எனக்கும் இரண்டு பெயர். இரண்டையும் சொல்லி என்னைக் கூப்பிட்டவன் நீ ஒருவன்தான்.