நான் நிரப்பிய அரங்கம்

என் செல்ல மகளுக்கு,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கூட்டம் நிறைந்து சிரித்தால்தான் அந்தக் காமெடி கிளப்காரர் உனக்கு வாராவாரம் மேடை தருவார் என்று அம்மா சொன்னாள். அதனால் நேற்றைய டிக்கெட் எல்லாவற்றையும் நானே வாங்கி, நம் டைல்ஸ் கடை ஆட்களை உட்கார வைத்தேன். வியாபாரம் சூடு பிடிக்கச் சொந்த ஆட்களை முன்னால் நிறுத்துவது கடைத்தெருவில் வழக்கம்தானே.

நீ சொன்ன முதல் ஜோக்கே என்னைப் பற்றியது. "டாக்டர் ஆறு மாத்திரை எழுதுனா, நாலுல முடிச்சுக்கலாமான்னு கேப்பாரு எங்கப்பா!"

அத்தனை பேரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த கேஷியர், "முதலாளி, சிரிக்கலாங்களா?" என்றார்.

"சிரிங்கய்யா!" என்று அதட்டினேன். அதோடு இருந்த கொஞ்சநஞ்சச் சிரிப்பும் அடங்கிவிட்டது. நீ மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தாய்.

நிகழ்ச்சி முடிந்ததும் கிளப்காரரிடம் போய் நின்றேன். "பொண்ணு நல்லாத்தான் பேசுது சார். கூட்டம்தான் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். யார் கூட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த கிளப்பையே விலைக்குக் கேட்டால் என்ன என்று காலையிலிருந்து கை பரபரக்கிறது. அதுவும் தப்பு என்றுதான் படுகிறது. வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லையே அம்மாடி. நான் என்ன செய்யக்கூடாது என்பதையாவது சொல்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா