சத்து மாத்திரை

இனயம்

அன்புள்ள கிரேசி மைனிக்கு,

ஷிஜி எழுதுவது. மாதா உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். கொல்லத்துக்கு மகள் ஜாஸ்பின் வீட்டுக்குப் போனபின் நீங்கள் என் போனை எடுப்பதில்லை. நியாயம்தான். இதை அவள் சத்தமாகவே வாசிக்கட்டும். உங்கள் மருமகனும் கேட்கட்டும்.

நம்ம பிள்ளை பெபிஷா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். நிமோனியா அடங்கிவிட்டது. கஞ்சியைத் தள்ளிவிட்டு மீன் கேட்கிறாள். "மாமி வந்தாத்தான் முள்ளெடுத்துத் தரும், ஒனக்கு அறியாது" என்கிறாள்.

மைனி, தினமும் அவளுக்குக் கொடுக்கச் சொல்லி உங்களிடம் தந்தது சத்து மாத்திரை இல்லை. சிறுநீரகத்தின் மேலே தொப்பிபோல ஒரு சுரப்பி உண்டு. கடும் நோய் வந்தால் நமக்கெல்லாம் அது பல மடங்கு சுரந்து உடம்பைத் தாங்கும். பெபிஷாவுக்கு அது சுரக்காது, மாத்திரைதான் பதில். நிறுத்தவே கூடாது, காய்ச்சல் வந்தால் கூட்டிக் கொடுக்க வேண்டும். பெண்பிள்ளைக்குத் தீராத நோய் என்று அறிந்தால் நாளைக்கு யார் கேட்டு வருவார்கள் என்று உங்கள் தம்பியும் நானும் மறைத்தோம். எம்.எஸ்ஸி. படித்தவள் நான்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்று, மதுரைக்குப் பயிற்சிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து போனில், சத்து மாத்திரையை இரண்டாகக் கொடுங்கள் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "காய்ச்சக்காரிக்குச் சத்து எதுக்கு மக்கா? காலையிலயே நிறுத்தியாச்சு" என்றீர்கள். பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூட டீச்சர் இருந்தார். இறங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன். நான் இறங்கும்போது நீங்கள் துவண்ட பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் நின்றீர்கள். என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்ட டாக்டரிடம், "ஒண்ணுமில்ல சாரே, சத்து மாத்திரதான்" என்று என் பொய்யைத்தான் சொன்னீர்கள். அப்போதும் போனை டாக்டரிடம் கொடுக்கச் சொல்லி அவரிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன். அந்தச் சுரப்பிக்குப் பதிலான ஊசி போட்டபிறகே விழுந்துகிடந்த பிரஷர் ஏறியது.

தோகாவிலிருந்து உங்கள் தம்பி, மாத்திரையை நிறுத்த நீ என்ன டாக்டரா, பிள்ளையைக் கொல்லப் பார்த்தியா என்று உங்களிடம் கத்தியபோது போனைப் பிடித்திருந்தது என் கை. நீங்கள் "நான்தான் பாவி" என்று அழுதீர்கள். நான் பேசவில்லை.

பஸ்ஸில் நடந்ததை இன்று அவரிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டார். ஊரில் இன்னும் பழி உங்கள்மேல்தான். பக்கத்து வீட்டுக் குளோரி அக்கா வந்து, "கிரேசிக்கு இதுகூட அறியாமப் போச்சே" என்றார். இல்லை, நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போய்விட்டேன்.

வந்துவிடுங்கள் மைனி. உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குளோரி அக்காவிடம் சொல்கிறேன். அந்த மாத்திரையை இந்த முறை அதன் பெயரைச் சொல்லி உங்கள் கையில் தருகிறேன்.

உங்கள் முகம் பார்க்க வெட்கப்படும்,
ஷிஜி