நாலாம் எண் பதில்

மார்ச் 3, செவ்வாய்

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம், குளிர்காற்று, பக்கத்தில் இருந்தவர் தூங்கி என் தோளில் சாயவும் இல்லை. பதினாறே நிமிடத்தில் இறங்க வேண்டிய இடம். நாள் இப்படி ஆரம்பித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நினைத்தது போலவே நகரும் படிக்கட்டு நகரவில்லை. லிஃப்டின் முன்னால் 'பராமரிப்புப் பணி' என்ற பலகை நான்கு மாதமாக நிற்கிறது. ஒரு கர்ப்பிணிப் பெண் அதன் முன்னால் நின்று பலகையை இரண்டு தரம் படித்துவிட்டுப் படியேறினாள்.

அலுவலகத்தில் 212 புகார்கள் காத்திருந்தன. போக்குவரத்துக் கழகத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை நான் ஒரு குறையையும் தீர்த்ததாக நினைவில்லை. டிப்போவுக்கு அனுப்புவோம், டிப்போ பதில் போடாது. ஆனால் ஏழு நாளில் புகாரை முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் திரையில் சிவப்பு விழும். சிவப்பு விழுந்தால் மேலாளரின் முகமும் சிவக்கும். அதற்காகத்தான் பதினொரு ஆயத்தப் பதில்கள் வைத்திருக்கிறோம். எண்ணை அழுத்தினால் போதும். அதிகம் அழுத்துவது நாலு: 'தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு, பேருந்து உரிய நேரத்தில் இயக்கப்படுகிறது.' முழு வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. "அதுக்கு நாலு போடு" என்போம், அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

அக்காவுக்கு இன்று தாமதம். விடியற்காலை 5.40 பஸ் வரவேயில்லையாம். அவள் ஆஸ்பத்திரியில் வார்டு துப்புரவு வேலை பார்க்கிறாள். ஆறரைக்குள் வருகைப்பதிவு இயந்திரத்தில் விரலை வைக்க வேண்டும். மாதத்தில் மூன்று தரம் தாமதமானால் ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார். அவருக்கு விளக்கம் சொன்னால் பிடிக்காது. சிரித்தால் அதைவிடப் பிடிக்காது. ஒரு தரம் ஆகிவிட்டது.

நேராக ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுகிற பஸ் அது ஒன்றுதான். அடுத்தது 6.25க்கு.

மார்ச் 6, வெள்ளி

5.40 இன்று வந்ததாம். சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனது போல.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று வந்தது, இன்று வரவில்லை. இரண்டாவது தாமதம்.

சாப்பிடும்போது அக்கா மெல்ல ஆரம்பித்தாள். அந்த பஸ் என்ன ஆயிற்று என்று விசாரிக்க முடியுமா, உன் ஆபீஸ்தானே என்றாள். நான் எரிந்து விழுந்தேன். காலை முதல் மாலை வரை இதே பாட்டு, வீட்டுக்கு வந்தால் இங்கேயுமா என்று கத்தினேன். தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

செயலியில் அந்த பஸ் இப்போதும் 'இரண்டு நிமிடத்தில்' என்றுதான் காட்டுகிறது. நானும் பார்த்தேன். இருபது நிமிடம் கழித்தும் இரண்டு நிமிடம்தான்.

மார்ச் 11, புதன்

அக்கா ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டாள். பஸ்ஸை நம்பாமல் ரயில் நிலையம் வரை இருபத்தைந்து நிமிடம் நடக்கிறாள். பிறகு ரயில், பிறகு மறுபடி நடை. சரியாக 6.22க்கு விரல் வைத்தாளாம். முழங்கால் வீங்கியிருக்கிறது. அந்த நிலையத்திலும் லிஃப்ட் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் எழுபது படி.

விசாரித்திருக்கலாம். நாளைக்குக் கேட்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

கேட்க மறந்துவிட்டது. நாளை காலை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம். மேலாளர் மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு மேஜையாக வந்து நின்றுகொண்டிருந்தார். "சிவப்பே இருக்கக் கூடாது, மஞ்சளும் இருக்க வேண்டாம்" என்றார். ஒவ்வொன்றாகத் திறந்தால் விடிந்துவிடும். டிப்போ வாரியாகப் பிரித்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். வடக்கு டிப்போ மட்டும் அறுபத்தெட்டு. நாலு.

மூன்றரைக்குத் திரை முழுக்கப் பச்சை. மேலாளர் முதுகில் தட்டிக் கொடுத்தார். வரும்போது ரயிலில் உட்கார்ந்தே வந்தேன்.

மார்ச் 14, சனி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அரைநாள் முடிந்து வந்தேன். அக்கா வீட்டில் இருந்தாள். சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். இந்த நேரத்தில் வீட்டில் என்ன என்றேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள் என்றாள். 5.40க்காக நிறுத்தத்திலேயே நின்றிருக்கிறாள். மூன்றாவது தாமதம்.

எனக்கு வந்த கோபம்! மூன்று நாளாக ரயிலில்தானே போனாய், இன்றைக்கு மட்டும் எதற்கு அங்கே போய் நின்றாய் என்று குதித்தேன். அவள் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்லி ஒரு புகார் போட்டேன்டா. உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு. நேத்து பதில் வந்துச்சு. பஸ் சரியா ஓடுதுன்னு எழுதியிருந்தாங்க. அதான் போய் நின்னேன். கொஞ்சம் லேட்டானாலும் வந்துடும், எழுதிக் குடுத்திருக்காங்களேன்னு ஆறு பத்து வரைக்கும் நின்னேன்."

படித்தேன். 'தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு...' நேற்று, பிற்பகல் 3.11.

நான்தான். அந்த அறுபத்தெட்டில் ஒன்று. நான் அனுப்பினது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். வெளியே அவள் தண்ணீரை வீணாக்காதே என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'அக்கா, உன் புகாரை நான்தான் முடிச்சேன், படிக்கவே இல்ல' — இதை எந்த வாயால் சொல்வது? என்னை வளர்த்தவள். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்திரண்டு. நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே கல்யாணத்தைத் தள்ளித் தள்ளி, கடைசியில் இல்லாமலே போனது.

வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம். அப்படித்தான்.

மார்ச் 16, திங்கள்

முதல் வேலையாக வடக்கு டிப்போவுக்கு போன் செய்தேன். நேரக்காப்பாளர் அலட்டிக்கொள்ளவே இல்லை. அந்த வண்டியின் டிரைவர் ஜனவரியில் ஓய்வுபெற்றுவிட்டாராம், வேறு ஆள் போடவில்லையாம். "யாராவது மிச்சம் இருந்தா எடுப்போம் சார், இல்லன்னா இல்ல" என்றார். மேலே ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டார்களாம். அந்தத் தடத்தில் புகார் எதுவும் நிலுவையில் இல்லையே, பிறகு எதற்கு ஆள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

நிலுவையில் எப்படி இருக்கும்? நான் எதற்கு இருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

விடுப்பு போட்டுவிட்டு ஒப்பந்தக்காரரைப் பார்க்கப் போனேன். மனிதர் அப்படி ஒன்றும் கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார். பஸ் வராததால்தான் தாமதம் என்று கழகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டு வாருங்கள், யோசிக்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன், இன்றைக்கே கொண்டு வருகிறேன் என்று வாயை விட்டேன்.

ஓட்டமும் நடையுமாக ஆபீஸ் போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் திரையில் புகார் எண்ணைப் போட்டுப் பார்த்தார். பேருந்து உரிய நேரத்தில் இயக்கப்படுகிறது என்று நாமே பதில் கொடுத்திருக்கிறோம், பிறகு ஓடவில்லை என்று எப்படிக் கடிதம் கொடுப்பது என்றார். அது தப்பாகப் போன பதில், திறந்து திருத்திவிடலாம் என்றேன். ஒன்றைத் திறந்தால் அறுபத்தெட்டையும் திறக்க வேண்டிவரும் என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது:

"நேத்து ஒரு உண்மை, இன்னிக்கு ஒரு உண்மைன்னு மாத்தி மாத்தி எழுத முடியுமா? உங்க அக்காவைப் புதுசா ஒரு புகார் போடச் சொல்லுங்க."

டிப்போ நேரக்காப்பாளரோ, எழுத்தில் மட்டும் எதுவும் கேட்காதீர்கள் என்று போனை வைத்துவிட்டார்.

வெறுங்கையோடு ஒப்பந்தக்காரரிடம் திரும்பிப் போனேன். அதற்குள் அவரே கழகத்துக்கு போன் செய்து விசாரித்து, பதிலைக் குறித்து வைத்திருந்தார். பஸ் ஓடுகிறது என்று உங்கள் கழகமே பதில் கொடுத்திருக்கிறது, அப்படியென்றால் அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று அர்த்தம், பொய் சொல்கிறவர்களை வார்டில் வைக்க முடியாது என்றார். நான் எழுதிய வாக்கியத்தை எனக்கே படித்துக் காட்டினார். என் அக்கா பொய்க்காரி. எழுத்துமூலமான ஆதாரம், நான் கொடுத்தது.

வரும் வழியில் என் பெயரில் ஒரு புகார் போட்டேன்: 5.40 இயக்கப்படவில்லை.

மார்ச் 18, புதன்

சொல்லிவிட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலை அனுப்பியது நான்தான் என்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று விளக்கினேன். எண், டிப்போ, மொத்தமாகத் தேர்வு, எல்லாம். விளக்க விளக்க எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"அதுல என் பேரு இருந்திருக்குமே" என்றாள்.

திறந்து பார்த்தால்தான் பேர் தெரியும், நான் திறக்கவில்லை என்றேன்.

கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள். "அப்போ என் பேரைப் பார்த்திருந்தா நிறுத்தியிருப்பே. மத்த அறுபத்தேழு பேருக்கும் அனுப்பியிருப்பே. இல்லையா?"

இல்லை என்று சொன்னால் அவளே நம்ப மாட்டாள். திட்டியிருக்கலாம். இரண்டு அறை கொடுத்திருக்கலாம், சின்ன வயதில் கொடுத்திருக்கிறாள். மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

பேசுகிறாள். சாப்பாடு வைத்திருக்கிறேன், கதவைப் பூட்டு. இவ்வளவுதான்.

மார்ச் 24, செவ்வாய்

நான் போட்ட புகார் என் பட்டியலிலேயே வந்து விழுந்திருந்தது. ஏழாம் நாள். மஞ்சள். நான் தொடவில்லை. சிவப்பாகட்டும், மேலே யாராவது கேட்கட்டும், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வீராப்பாக உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பேருந்து உரிய நேரத்தில் இயக்கப்படுகிறதாம். நிமிர்ந்து பார்த்தேன். மேலாளர் தன் கணினியிலிருந்து முடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் திறந்து படித்திருக்க மாட்டார்.

மார்ச் 28, சனி

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு முதியோர் இல்லம். அங்கேயே தங்க வேண்டும், ஞாயிறு மட்டும் விடுமுறை. போகவர இரண்டரை மணி நேரம் ஆகும், அதனால் தங்குவதுதான் வசதி என்றாள். வேறு பக்கத்தில் பார்க்கலாமே என்றேன். "இங்க இருந்தா திரும்பவும் பஸ்ஸுக்கு நிக்கணும். அங்க மாடிப்படி இறங்கினா வேலை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஒரு பை, ஒரு வாளி. பையை நான் தூக்கிக்கொண்டு போய் மூன்று வண்டி மாறி விட்டுவிட்டு வந்தேன். இந்த வீட்டில் அவள் இல்லாமல் நான் இருந்ததே கிடையாது.

ஏப்ரல் 3, வெள்ளி

நிறுத்தத்துப் பலகையில் 5.40 இன்னும் இருக்கிறது. காலையில் ஒரு பெரியவர் அதன் கீழே நின்றார். வராது என்று சொன்னேன். நீ யார் அதைச் சொல்ல என்பது போலப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

இப்போதெல்லாம் திறந்து படிக்கிறேன். பேர், என்ன நடந்தது, எல்லாம். ஒருவர் தேர்வைத் தவறவிட்டிருக்கிறார். ஒரு அம்மாவைப் சரியாக ஏறும் முன்னே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது வண்டி. படித்துவிட்டு டிப்போவுக்கு போன் செய்கிறேன், அவர்கள் எடுப்பதில்லை. இன்று மொத்தம் பதினேழுதான் பார்க்க முடிந்தது. எனக்கு விளக்கக் கடிதம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. பக்கத்து மேஜைக்காரர் ரகசியமாகச் சொன்னார், படிக்க ஆரம்பித்தால் இங்கே குப்பை கொட்ட முடியாது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

நாளைக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

போன ஞாயிறு அக்காவை அங்கே விடவில்லை, ஆள் குறைவாம். இன்று கட்டாயம் வருகிறேன் என்றிருந்தாள். வீட்டைப் பெருக்கித் துடைத்து, அவளுக்குப் பிடிக்கும் என்று மீன் வாங்கி வந்து, எனக்குத் தெரிந்த மட்டும் குழம்பு வைத்தேன். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று, ஆள் இல்லை. ஒரு மணிக்கு போன் வந்தது.

அந்தச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாதாம். பலகையில் இருக்கிறதாம், வண்டி இல்லையாம். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். குரலில் களைப்பு. நீ சாப்பிட்டாயா என்று கேட்டாள். உப்பு சரியாக இருக்கிறதா என்றும் கேட்டாள். கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவ்வளவு பேசியது இன்றைக்குத்தான்.

எந்தத் தடம், எண் சொல்லு, புகார் போடுகிறேன் என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"வேணாம்டா. சரியாயிடுச்சுன்னு பதில் வரும். நான் திரும்பவும் போய் நிப்பேன்."