கரடிவீடு முடக்கப்பட்டது தொடர்பாக

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக் (பணி ஓய்வு),
கதவு எண் 7, மூன்றாம் மாடி,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையப் பெயர்ப் பதிவு அலுவலகம்.

பொருள்: 'கரடிவீடு' என்ற இணையப் பெயர் முடக்கப்பட்டதால் என் மகளின் கடிதம் வந்துசேர வழியில்லாமல் போனது – முடக்கத்தை இருபதாம் தேதிக்குள் நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் நேரில் கொடுத்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பெயரைப் படித்துத் தங்கள் அலுவலகத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் கோபத்தைப் பார்த்து வேலையிடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயர் கரடி. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் ஒரே மகள் அதோடு 'வீடு' சேர்த்து டொமைனாக, அதாவது இணையப் பெயராகப் பதிவு செய்து, எனக்கொன்று, தனக்கொன்று என இரண்டு மின்னஞ்சல் பெட்டிகள் வைத்தாள். "வீடு மாறலாம், போன் நம்பர் மாறலாம், இது மாறாதுப்பா" என்றாள். எனக்கு வேறு மின்னஞ்சல் முகவரி கிடையாது.

2. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் தனக்குப் பிடித்தவரை மணந்தாள். நான் வாசலில் நின்று, "இனிமே இந்தப் படி ஏறாதே" என்றேன். ஏறவில்லை. என் மகளாயிற்றே, ரோஷம் எங்கே போகும்? பிறகு அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். நான் இங்கே குடிவந்தேன்; பழைய தொலைபேசி எண்ணும் போயிற்று. ஆனாலும் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் பெட்டியிலிருந்து என் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. தெருமுனைக் கணினி மையத்தில் அச்செடுத்து பீரோவில் வைத்துக்கொண்டேன். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் அல்ல, ஐயா. வீம்பு.

3. சென்ற மாதத் தொடக்கத்தில் வந்த கடிதத்தை அப்படியே தருகிறேன்: "பொண்ணு பிறந்து நாலு மாசம் ஆச்சுப்பா. அப்படியே உங்க மூக்கு. உங்ககிட்ட கொண்டுவந்து காட்டணும், எங்க வரணும்னு சொல்லுங்க. அடுத்த மாசம் இருபதாம் தேதி கடைசியா ஒரு தடவை எழுதுவேன். அதுக்கும் பதில் இல்லன்னா விட்டுடுறேன். கரடிவீட்டையும் இனி நீங்களே பாத்துக்கோங்க." கீழே அந்தப் பெயரை நிர்வகிக்கும் கடவுச்சொல்லையும் எழுதியிருந்தாள்.

4. வெறும் பதில் போதாது என்று எனக்குத் தோன்றியது. கணினி மையத்து அம்மாளின் உதவியோடு கரடிவீட்டில் ஒரு பக்கம் அமைத்தேன். தொட்டில் வாங்கிப் போட்ட அறையின் படம். அதன் கீழே 'படியேறி வா' என்று ஒரு வரி. அவ்வளவுதான். விலாசத்தை மறுநாள் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அன்றைக்கே டொமைனை என் பேருக்கும் மாற்றினோம். மின்னஞ்சல் கேட்ட கட்டத்தில் எனக்கிருந்த ஒரே முகவரியைக் கொடுத்தேன். பக்கத்தைப் புது சர்வரோடு இணைக்கையில் அந்த அம்மாள் பழைய விவரங்களை அழித்தார். கடிதம் வந்து போகிற வழியும் அவற்றோடு அழிந்தது இருவருக்குமே தெரியவில்லை. மறுநாள் பெட்டி திறக்கவில்லை. "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். காத்திருந்தோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டியவன் நான்.

5. உரிமையாளர் நான்தானா என்று உறுதிசெய்யச் சொல்லித் தாங்கள் அனுப்பிய கடிதம் அந்தச் செத்த பெட்டிக்கே வந்திருக்கிறது. பதினைந்து நாளில் பதில் இல்லாததால் பெயரை முடக்கினீர்கள். இப்போது பக்கமும் இல்லை. கணக்குக்குள் நுழையக் கேட்கும் ரகசிய எண்ணும் அதே பெட்டிக்குத்தான் போகிறது. அடையாள அட்டையோடு நேரில் வந்தேன். "நீங்க பதிஞ்ச மெயில்லேர்ந்து அனுப்புங்க சார்" என்றார்கள். இரண்டு மனுக்களுக்கும் என்ன பதில் என்று கேட்டால், "மெயில்ல போட்டாச்சே, பாக்கலையா?" என்கிறார்கள். நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

6. ஐயா, என் வயிற்றெரிச்சல் இதுதான். அவள் பெட்டியும் இதே பெயரில் இருந்தது. கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்த சில நாளிலேயே அதுவும் பூட்டிக்கொண்டது. அப்பா மறுபடியும் வெளியே தள்ளிவிட்டார் என்றுதானே நினைப்பாள்? இருபதாம் தேதி வேறு எங்கிருந்தாவது எழுதினாலும் 'இப்படி ஒரு முகவரி இல்லை' என்று அவளுக்கே திரும்பிவிடும். அவளைத் தேட எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவளுடைய தோழிகள் யாரையும் நான் வீட்டுக்குள் விட்டதில்லை; இப்போது கேட்க ஒருவரும் இல்லை.

7. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவருக்கு முதலில் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் கருவியைத் தொடுவோம். முப்பது ஆண்டுகள் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் "இதோ வந்துட்டேன், பயப்படாதீங்க" என்று கத்தியவன், பெற்ற மகளுக்கு மூன்று ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

8. ஆகவே, என்னை நேரில் விசாரித்து, இருபதாம் தேதிக்குமுன் முடக்கத்தை நீக்கும்படி தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள். விதி இடம் கொடுக்காது என்றால் பெயரை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுங்கள். நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் கரடிவீட்டைப் பூட்டியது யார் என்று கேட்டு எப்போதாவது ஒரு பெண் தங்களுக்கு எழுதினால், "பூட்டினது உங்கப்பா இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

நாள்: பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை
இடம்: மேலே கண்ட விலாசம்

தங்கள் தபாலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கரடி