வௌவால்காரர் பங்காளியான கதை

சித்திரை 25, இரவு

'மேலக்காட்டார்' என்ற எங்கள் குடும்பப் பெயரை இணைய ஆய்வுக் காப்பகத்தில் தேடினேன். அந்தப் பெயரில் மூன்று ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒருவர் திராட்சை நோய், ஒருவர் பெரியாற்று வாய்க்கால், ஒருவர் வௌவால். மாலையில் வௌவால்காரருக்குப் போன் செய்தேன்.

"எந்தக் கோயில் கும்பிடுறீக?" என்றார்.

எங்கள் குலதெய்வக் கோயிலைச் சொன்னேன்.

"அப்ப நாம பங்காளிக. எங்கப்பா போன வாரம் தவறிட்டாக."

பங்காளி வீட்டுச் சாவு என்றால் எங்களுக்கும் தீட்டு. நாளை வீரபாண்டிக் கோயில் திருவிழாவில் என் மனைவி தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள்.

"காதுல விழுகாத வரைக்கும் தீட்டு இல்ல. உங்களை யாரு போன் பண்ணச் சொன்னாக?" என்றவள், சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டுப் படுத்துவிட்டாள்.

மற்ற இருவரின் எண்களும் இருக்கின்றன. தீட்டுதான் வந்தாயிற்றே, காலையில் அவர்களையும் கேட்டுவிட வேண்டும்.